கறுப்புச் சட்டை

நாலே முக்கால். டர்பன் துறைமுகத்துப் பின்சுவர்.
நான் துடைத்த காரை
நம்பாமல் மறுபடி துடைக்கிறான் லுங்கேலோ.

கறுப்புச் சட்டை, கறுப்புக் கையுறை,
கறுப்புத் துணி சுற்றிய முக்காலி.
புது வண்டியின் கதவு சும்மா இருக்காது,
எதிரில் நிற்பதையெல்லாம் வாங்கிக்கொள்ளும்.
அதில் நான் விழக்கூடாது.
"வீட்டில் யாராவது போயிட்டாங்களா?"
வாசல் காவலாளி கேட்கிறார், எப்போதும்போல.

வெளிச்சம் நிற்பது பதினோரு நிமிஷம்.
கடலுக்கும் கிரேனுக்கும் நடுவிலிருந்து
ஒரு கோடு வந்து பானட்டில் ஏறி
முதுகு நெடுக ஓடிப் பின்விளக்கில் அணைகிறது.
இவ்வளவும் அதற்குத்தான்.
பிறகு வெயில். வெறும் தகரம்.

மத்தியானம் பைன்டவுன், வங்கியின் ஏலக் கொட்டகை.
எட்டுப் படம், வண்டிக்கு நாற்பது ராண்ட்.
கீறலைக் காட்டு, கிழிசலைக் காட்டு,
மறைக்க இங்கே ஒன்றுமில்லை.

மூன்றாம் வரிசையில் அந்த நீலம்.
போன வருஷம் பலிட்டோ மேட்டில்
மேகம் விலகக் காத்துக்கிடந்தேனே,
அதே வண்டியா, அதன் தங்கையா, தெரியவில்லை.
பின்சீட்டில் பாதி பிஸ்கட்.
முன்கண்ணாடியில் ஒரு சின்ன வேல்.
பூசை போட்ட அன்று வைத்த மஞ்சள் பொட்டு
பானட் ஓரத்தில், இன்னும் யாரும் கழுவாமல்.
தவணை எத்தனை கட்டினார்களோ.

எட்டாவது படம், ஓட்டுநர் கதவு.
ஏலம் பார்க்க வந்த யாரோ
உள்ளங்கையால் தூசியைத் துடைத்திருந்த இடத்தில்
நான் நிற்கிறேன்,
கறுப்புச் சட்டையோடு.

அழிக்கவில்லை.
நாற்பது ராண்டுக்கு
அழிக்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை.