கூலிக் காய்ச்சல்

மூவாயிரம் குரோனர்.
ஒரு பகல் காய்ச்சலுக்கு அதுதான் கூலி.
பெர்கனில் நவம்பர். படகுக்கு வேலையில்லை,
மழைக்கு மட்டும் ஓய்வில்லை.
கையெழுத்துப் போட்டேன்.

செத்த பாக்டீரியாவின் தோல்துணுக்கு,
உப்புநீரில் கரைத்தது, ஊசிமுனையளவு.
"இது நோயில்லை, நோயின் வேஷம்" என்றாள் ரக்னில்ட்.
"உங்கள் ரத்தத்துக்குத்தான் வித்தியாசம் தெரியாது."

படிவத்தில் கேட்டிருந்தார்கள்:
நெருக்கமானவர் ஒருவரின் படம் இணைக்கவும்.
போனைத் துழாவினேன்.
மீன்கள், என்ஜின், மீன்கள், ஒரு ரசீது,
கடைசியில் அண்ணன் ஓட்வார்
காட் மீனைக் காதோரம் தூக்கிப் பிடித்து
வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு.
நாலு வருஷமாக முகம் கொடுத்துப் பேசவில்லை.
அப்பாவின் படகுக் கொட்டகை, அதன் சாவி,
அவ்வளவுதான்.
வேறு படம் இல்லாததால் அதை அனுப்பினேன்.

முதல் ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை.
குறுக்கெழுத்தில் ஏழு கட்டம் நிரப்பினேன்.
பிறகு முதுகுத்தண்டு வழியாக யாரோ
நனைந்த கயிற்றை இழுத்தார்கள்.
பல் கிட்டியது.
வெள்ளணுக்கள் ஊரைக் கூட்டிவிட்டன,
வராத திருடனுக்கு.

காலையில் நான் சிரிக்கவைத்த அதே ரக்னில்டின் சிரிப்பு
இப்போது தோலில் உரசியது.
பக்கத்துக் கட்டில் மாணவன் மழையைப் பற்றி ஏதோ சொன்னான்.
சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.
அரைமணிக்கு ஒருதரம் ஒரு தாள்:
மற்றவர்களிடமிருந்து விலகியிருப்பதாக உணர்கிறீர்களா,
ஒன்று முதல் ஐந்து வரை.
ஐந்து.
ஐந்து.
பென்சில் கனத்தது. ஐந்து.

குழாய்க்குள் படுக்கவைத்தார்கள்.
இயந்திரம் தகரம் தட்டியது.
கண்ணெதிரே முகங்கள்:
தாடிக்காரர், தோடு போட்ட பெண், யாரோ, யாரோ,
ஒவ்வொன்றும் சாத்தவேண்டிய ஒரு கதவு.

ஓட்வார்.
காட் மீன்.

கொட்டகையை நான் மறக்கவில்லை. சாவியையும்.
நான் ஆடவில்லை,
தசைதான் ஆடியது.
கையில் இரண்டு பொத்தான்,
படத்தைத் தள்ள இடது, அருகே இழுக்க வலது.
வலதை அழுத்தினேன்
அவன் மூக்கு திரையை நிறைக்கும்வரை,
மீனின் கண் என் கண்ணளவு ஆகும்வரை.

ஆறு மணிக்குச் சூடு வடிந்தது.
ரக்னில்ட் பாலாடைக்கட்டி ரொட்டி கொண்டுவந்தாள்.
அவள் சிரிப்பு மறுபடி வெறும் சிரிப்பாகியிருந்தது.
மாணவனிடம் நானே மழையைத் தொடங்கினேன்.
பேசப் பேச, உள்ளே
கொட்டகை பலகை பலகையாக எழுந்து நின்றது,
பூட்டோடு.

இரண்டில் எது நான் என்று கேட்டேன்.
"சராசரி எடுப்போம்" என்றாள்.

திரும்பும் டிராமில்
பஞ்சுக்கு அடியில் ஊசித்தடம் அரித்தது.
அண்ணனின் எண் இன்னும் மனப்பாடம்.
கடைசி இலக்கத்துக்கு மேல் விரல் நின்றது,
இரண்டு நிறுத்தம் கடக்கும்வரை.
பிறகு போனைப் பைக்குள் போட்டேன்.
இப்போது அளந்தால் முப்பத்தாறு புள்ளி எட்டு இருக்கும்.
இந்தச் சூட்டில்
எனக்கு யாரும் வேண்டியதில்லை.