நாலு ஓம்

கல்லடியில் ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர்
வீட்டைக் காலி செய்த அன்று
ஃப்ரிட்ஜ் போனது, கட்டில் போனது,
ஏசிப் பெட்டி போனது.
ஸ்பீக்கர் இரண்டையும் தூக்கிப் பார்த்தவர்கள்
இடுப்பைப் பிடித்துக்கொண்டு
அடுத்த சாமானுக்குப் போனார்கள்.
சோடி ஒன்பதாயிரம். நான் வாங்கினேன்.
ஓட்டோவில் நடுவே நான்,
இருபக்கமும் அவை,
மாப்பிள்ளை வீட்டார் மாதிரி
பாலம் தாண்டும் வரை ஒரு கதையுமில்லை.

இருதயபுரத்தில் எங்களிடம் இருந்தது
டிவியோடு வந்த அம்ப்.
கூத்துப் பழக்கத்தில் தம்பி ஃபோனில் பதிந்த
மத்தளத்தைப் போட்டேன்.
மூன்றாவது அடியில் டிக் என்று
தன்னைத்தானே அணைத்துக்கொண்டது.
மறுகாப் போட்டேன்.
மறுகா டிக்.
"உன்ர ஸ்பீக்கர் சாப்பாட்டு ராமன்" என்றான் தயாளன்,
மீன் முள்ளை எடுத்துக்கொண்டே.

சீட்டை ஐந்தாம் மாதமே கழிவு கூறி எடுத்தேன்.
கழிவு போக நாற்பத்தோராயிரம்.
பத்மலோஜினி அக்கா கேட்டா, "என்ன, கூரைக்கா?"
ஓம் என்று சொல்லிவிட்டேன்.

கல்முனையில் முபீத்தின் கடை
ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும் அகலம்.
பின்தகட்டில் இருந்ததைத் துண்டில் எழுதிப் போயிருந்தேன்:
நாலு ஓம், எண்பத்தைந்து.
துண்டைப் பார்த்து அவர் கண்ணாடியைக் கழற்றினார்.
"நாலு எண்டு எழுதித்தான் வைப்பாங்க மிஸ்.
தொப்பிப் பக்கம் அடி விழக்குள்ள
மூண்டுக்கும் கீழ இறங்கும்.
அந்த நேரத்திலயும் ஓம் எண்டு சொல்ற சாமான்தான்
உங்களுக்கு வேணும்."

மேல்தட்டில் ஒன்று
நீல வெளிச்சத்தில் கண் சிமிட்டியது.
ஆயிரம் வோட்ஸ் என்று நெற்றியில் எழுத்து,
இருபத்தெட்டாயிரம்தான் விலை.
"ஒரு கையால தூக்கிப் பாருங்க."
தூக்கினேன். ரொட்டிச் சட்டியின் பாரம்.

"இப்ப இதை."
மேசைக்குக் கீழே, கறுப்பு, மூலை நசுங்கி,
யாரோ ஒட்டிய ஸ்டிக்கரின் பாதி இன்னும் போகாமல்.
இரண்டு கையாலும் அரைச்சாண்தான் எழுந்தது.
நாற்பத்தைந்து வோட்ஸ்.
"அவ்வளவுதானா?"
"அவ்வளவும் உண்மையான வோட்ஸ்.
உங்கட ஹோல் என்ன அளவு?"
பன்னிரண்டுக்குப் பத்து என்றேன்.
"பக்கத்து வீடு?"
மதிலுக்கு அந்தப் பக்கம் கைக்குழந்தை என்றேன்.
"பின்ன என்னத்துக்கு ஆயிரம்?"

முப்பத்தாறாயிரம்.
வொலியூம் திருகினால் சருகு மிதிக்கும் சத்தம்.
அதை மாற்ற, ரிலே மாற்ற, இரண்டாயிரத்து ஐந்நூறு.
வயரென்று காட்டியது பாம்பு விலை சொன்னது,
அதை விட்டுவிட்டு ஹாட்வெயாரில்
வீட்டு வயரிங் கம்பி பத்து மீற்றர் வெட்டுவித்தேன்.
மிச்சம் பஸ்ஸுக்கும் ஒரு பிளேன்ரீக்கும்.
அம்ப் மடியில்.
களுவாஞ்சிக்குடி வர முன்னம்
தொடை இரண்டும் விறைத்துவிட்டது.

இரவு பத்தரை. சத்தம் எட்டு மணிக் கோட்டில்.
அதே மத்தளம்.
மூன்றாவது அடிக்குக் காத்திருந்தேன், விரல் சுவிட்சுக்குப் பக்கத்தில்.
விழுந்தது.
நாலு. ஐந்து.
முன்பு ஒரு அடியின் வால் மற்ற அடியைப் பிடித்திழுக்கும்.
இப்போது தோல் அதிர்கிறது, அண்ணாவியார்
உள்ளங்கையை வைத்து அதை நிறுத்துகிறார்,
அந்த இடத்தில் ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லாத அந்த இடத்தில்
யாரோ பாயை இழுக்கிறார்கள்,
தம்பி மூக்கை உறிஞ்சுகிறான்.

தயாளன் கதவடியில் நின்றான்.
"அதே மத்தளம்தானே?"
"ஓம்."
"அப்ப ஏன் அவருக்குக் கை வலிக்கிற மாதிரிக் கேக்குது?"
நான் மறுமொழி சொல்லவில்லை.
அவன் போகவுமில்லை.

அடி விழும்போதெல்லாம்
மேலே பல்ப் கொஞ்சம் மங்குகிறது.
முபீத்திடம் கேட்கவேண்டும்.
இன்னும் பதினைந்து மாதச் சீட்டுக் கட்டவேண்டும்.
அம்ப்பின் முதுகு சுட ஆரம்பித்ததும்
பூனை வந்து ஏறிப் படுத்தது,
காற்றுப் போகும் ஓட்டைகளின் மேல் சரியாக.
இறக்கி விட்டேன்.
மறுகாவும் ஏறியது.