வலப்பக்க இருக்கை

முதலில் பக்கம் மாறவேண்டும்.
இருநூற்றுப் பன்னிரண்டு மணித்தியாலம்
இடப்பக்கம் இருந்து பறந்தவள் நான்.
இப்போது வலது.
மூக்குக்கு மேலே அடிவானம்
ஒரு விரல்கடை சரிந்து தெரிகிறது.
த்ரோட்டிலை இனி இடக்கைதான் தள்ளும்,
சோறு குழைக்காத கை,
பேனை பிடிக்காத கை.

பறக்கத் தெரிந்தால் போதாது,
பறந்துகொண்டே பேசவேண்டும்.
பேசிக்கொண்டே
பிழைவிட விடவேண்டும்.

எனக்கு மாணவனாய் நடிப்பவன் திலின.
குருநாகலைக்காரன், என்னைவிட இரண்டு வயது குறைவு,
பரிசோதகன்.
மோசமாய்ப் பறப்பது அவன் உத்தியோகம்.
காலை மறப்பான்.
வேகமானியை விட்டு வயலைப் பார்ப்பான்.
நூறு அடியில் வைத்து
"மிஸ், இது என்ன பொத்தான்?" என்பான்.
நான் பிடுங்கிவிடுவேன்.
"கட்டுப்பாடு என்னிடம்."
ஒரே காலையில் ஒன்பது தரம்.

அறிக்கையில் எழுதினான்:
கை முந்துகிறது.
மாணவனுக்குப் பிழைவிட நேரம் கொடுப்பதில்லை.

உண்மைதான்.
ஆகாயம் இரைந்தால்
எங்களில் யாரும் பொறுத்துப் பார்த்ததில்லை.
பத்து வயதில்
செருப்பைத் தேடாமல் ஓடப் பழகியவள் நான்.
அறிக்கையில் அதற்குக் கட்டம் இல்லை.

இரவு, கனகராயன்குளம்.
அக்கா வீட்டு முற்றத்தில் இரண்டு பிளாஸ்ரிக் கதிரை.
இடப்பக்கம் கேதீஸ் அத்தான்,
பகல் முழுக்க வெட்டு மெசினில் குலுங்கின உடம்பு,
கையில் சட்டி மூடி.
பாடத்தைத் தமிழில் சொல்லிப் பார்க்கிறேன்.

ஸ்டோல் எண்டா எஞ்சின் நிக்கிறேல்ல அத்தான்,
செட்டைக்குக் காத்து அம்பிடாமல் போறது.
"பிடி விட்டுப்போறது" என்றார்.
ஸ்பின்?
மூடியைச் சுழற்றிச் சிரித்தார். "கிறுதி."
தரைக்குக் கிட்ட வந்து
மூக்கை மெல்ல உயர்த்தி
இறங்க விடாமலே இறங்க விடுவதற்கு
எனக்குச் சொல் அகப்படவில்லை.
குசினிக்குள் இருந்து அக்கா:
"நித்திரையான பிள்ளையைப் பாயில வளத்துற மாதிரியோ?"
கொப்பியில் எழுதினேன்.
வளத்துதல்.

பிறகு அத்தான் கேட்டார்,
மூடியை மடியில் கவிழ்த்துவிட்டு:
"மேல இருந்து பாத்தா
ஆள் ஓடுறது தெரியுமோ?"
எந்த உயரத்தில் என்று நான் கேட்கவில்லை.
தெரியும், என்றேன்.
சைக்கிளும் தெரியும்.
"ம்."
நுளம்புத்திரி எரிந்து முடிந்திருந்தது.
அன்றைக்கு அடுத்த பாடம் போகவில்லை.

ஆனியில் கச்சான் எழும்பியது.
வவுனியா, முற்பகல் பதினொரு மணி,
காற்று ஓடுபாதைக்கு வலப்பக்கத்தால்.
கைகளை முழங்காலில் வைத்து
என் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.
திலின உயரமாய் வந்தான். விட்டேன்.
வேகம் விழுந்தது. சொன்னேன், தொடவில்லை.
அரைகுறையாய்த் திருத்தினான், கெட்டிக்கார நடிகன்.
வளத்துங்கோ, வளத்துங்கோ
என்று வாய்க்குள் சொல்லி
ஆங்கிலத்தில் வெளியே விட்டேன்.

அப்போது என் பக்கச் செட்டை எழுந்தது.

நடிக்கிறபோது அவன் கடைக்கண்
எப்போதும் என் கையில் இருக்கும்.
இந்த முறை இல்லை.
ஓடுபாதை விளிம்பின் காய்ந்த புல்லை
வாய் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

"கட்டுப்பாடு என்னிடம்."
சொல்லி முடியமுன்னரே
இடக்கை முழுவதும் தள்ளியிருந்தது.
அதற்கு யாரும் சொல்லவில்லை.

மறுபடி ஆயிரம் அடி.
ஒரு பக்கம் குளம், அரைவாசி சேறு.
நெடுநேரம் அவன் பேசவில்லை.
பிறகு, "அது நடிப்பில்லை, மிஸ்."
தெரியும்.
"எப்படி?"

கீழே பாலர் பள்ளி விட்டிருந்தது.
ஒழுங்கை முழுக்க வெள்ளைச் சட்டைகள்
ஓடிக்கொண்டிருந்தன.
எங்கள் நிழல் அவற்றின்மேல் போனது,
ஒன்றும் நிமிரவில்லை.
ஒருத்தி மட்டும் நின்று
செருப்பைக் கழற்றி மணலைத் தட்டினாள்.

"கட்டுப்பாடு உன்னிடம்," என்றேன்.
ஒரு கை உடனே விட்டது.
மற்றது கொஞ்சம் பிந்தி.