அறுபதே ராண்டு

படத்தில் நான் பெரிய பாடகி.
பதினோரு கடைப் பைகளைக் கிழித்துத் தைத்த கவுன்,
உட்கார்ந்தால் சரசரக்கும்; அதனால்
எல்லாக் காட்சியிலும் நின்றுகொண்டே இருப்பேன்.
திரிவேஷன் இயக்கம். மூலை உடைந்த போன்தான் கேமரா.
பாட்டுக் கம்பெனி முதலாளி யுகேஷ்ரீ,
அப்பாவின் கல்யாணக் கோட்டில்
விலை ஒட்டும் துப்பாக்கியோடு வருவாள்.
ரசிகர் நெற்றியில் ஆளுக்கொரு டிக்.
வியர்வையில் ஒட்டாத நெற்றிக்குத் தள்ளுபடி.
நிருபர் கேட்பாள்: பாட்டின் பொருள் என்ன?
பொருளா? மூன்றாம் வரிசையில் இருக்கிறது,
அரிசிக்குப் பக்கத்தில்.

காதல் பாட்டு ஒன்று வேண்டும் என்றான் திரிவேஷன்,
தமிழில் இருந்தால் சோகம் தானாய் வருமாம்.
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்
நாங்கள் மூவரும் காதல் வரைக்கும் போகவில்லை.
ஆயிரம் வரை எண்ணத் தெரியும்.
காய்கறி தெரியும். கிழமைகள், கொஞ்சம் குழப்பத்தோடு.
ஆகவே மேசையில் கிடந்த தள்ளுபடித் தாளை எடுத்து
மேலிருந்து கீழாகப் பாடினேன்:

ரெண்டு லிட்டர் எண்ணெய் அறுபதே ராண்டு
மீன் டின் மூன்று எழுபதே ராண்டு
வெள்ளி மட்டும், வெள்ளி மட்டும்,
கையிருப்பு உள்ளவரை.

கடைசி வரியில் கண்ணை மூடினேன்.
'உள்ளவரை'யை இழுத்த இழுப்பில்
பக்கத்து வீட்டு நாய் பதில் சொன்னது.
அதையும் வெட்டாமல் வைத்தோம்.

சாட்ஸ்வர்த், யூனிட் ஏழு, ஒரு கராஜ்.
படுக்கை விரிப்பில் திரையிட்டோம். பத்தொன்பது பேர்.
விழுந்து சிரிப்பார்கள் என்று நினைத்த இடத்தில்
திருமதி படையாச்சி மூக்கைச் சிந்தினார்.
"எவ்வளவு பக்தி" என்றார்.
முருகன் மேலா, அம்மன் மேலா என்று
சமோசாவைப் பிட்டபடி ஒரு விவாதம் நடந்தது.

மூன்று வாரத்தில் பாட்டு எங்களை விட்டுப் போய்விட்டது.
பக்கிகளில், சலூனில், பள்ளி பஸ்ஸின் பின் சீட்டில்.
பிறகு சூப்பர்மார்க்கெட்டிலிருந்து டை கட்டிய ஒருவர் வந்தார்.
எங்கள் படம் கிண்டல் செய்தது அவரைத்தான்.
அவரோ ரசித்துச் சிரித்தார். நெற்றியைக் காட்டி
"எனக்கு எவ்வளவு ஒட்டுவீர்கள்?" என்றார்.
தீபாவளி மாதத்துக்குப் பாட்டை வாங்கிக்கொண்டார்.
காசு இல்லை, கூப்பன்.
கூப்பனில் எண்ணெய் வாங்க முடியாது என்று
பின்பக்கம் சின்ன எழுத்தில் இருந்தது.

இப்போது சனிக்கிழமைகளில் நான் அங்கே
ஏழாம் கல்லாவில்.
ஒரு ஷிப்டுக்கு நாற்பத்தொரு முறை
கூரையிலிருந்து பாடுகிறேன்,
கீழேயிருந்து "பை வேண்டுமா" என்கிறேன்.
பெயர்ப்பட்டையில் லெவாஷ்னி என்று இருக்கிறது.
மேலே பார்த்துவிட்டு என்னைப் பார்த்தவர்
இதுவரை ஒருவரும் இல்லை.

இன்று நாலே காலுக்கு மின்வெட்டு.
நாய் குரைக்கும் இடத்துக்கு ஒரு மூச்சு முன்னால்
பாட்டு நின்றது. ஜெனரேட்டர் இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது.
வரிசை விடவில்லை. இருட்டிலேயே பாடி முடித்தது,
ஒரு பையன் நாயையும் சேர்த்து.

முன்னால் நின்ற அம்மாள்
எண்ணெயை டொக்கென்று வைத்தார்.
"அலமாரியில் எழுபத்து நாலு தொண்ணூற்றொன்பது போட்டிருக்கே.
பாட்டில் அறுபது. எனக்கு எண் தெரியும், கண்ணு."
விலை ஏறிவிட்டது ஆண்ட்டி என்றேன்.
போன் வெளிச்சம் என் முகத்தில் விழுந்தது.
கூரையைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
"நீதானே பாடினாய்?"

மேனேஜர் டார்ச்சோடு ஓடிவந்து காதருகே சொல்கிறார்:
புது விலையை ஒருதரம் பாடிவிடு,
சொன்னால் சண்டை, பாடினால் ஒத்துக்கொள்வார்கள்.

வரிசை மூச்சைப் பிடித்துக் காத்திருக்கிறது.
எழுபத்து நாலு தொண்ணூற்றொன்பது.
மெட்டுக்குள் நிற்க மறுக்கிறது.
எங்கே இழுப்பது, எங்கே விழுங்குவது,
அந்தத் தொண்ணூற்றொன்பதை
என்ன செய்வது?