வில்மாரின் கலவை

யாகுவரோன் தெருவில் பழைய பேக்கரியை இடித்த வாரம்
யமண்டு லாரியில் கொண்டுவந்து இறக்கினான்
இருநூற்றுப் பன்னிரண்டு டைல்களை.
வெள்ளையில் நீலம். மூலைக்குக் கால் பூ.
நான்கு சேர்ந்தால்தான் ஒரு பூ.
"பிரெஞ்சுச் சரக்கு, ஸூல்மா. கப்பலில் வந்தது" என்றான்.
நான்கு விளிம்பிலும் ஏறிக் கிடந்த காரையைப் பற்றி
வாய் திறக்கவில்லை.

மாடியில் மூன்று வாளி.
ஒன்றில் தண்ணீர்.
ஒன்றில் வினிகர் கலந்த தண்ணீர்.
மூன்றாவதைக் கவிழ்த்துப் போட்டு
அதன்மேல் நான்.
ஜூலைக் காற்று ஆற்றிலிருந்து நேராக ஏறி வருகிறது
மாத்தே குவளையின் சூடு
இரண்டு உறிஞ்சலுக்குத்தான் தாங்குகிறது.

சுண்ணாம்பு நல்ல குணம்.
ஓர் இரவு ஊறினால் போதும்,
நுரைக்கிறது, ஏதோ முணுமுணுக்கிறது,
மழுங்கிய உளி ஓரம் பட்டதும்
பல்லில் படிந்த காரை மாதிரி
செதில் செதிலாய்ப் பெயர்ந்து விழுகிறது.
அடியில் பிஸ்கோத்து நிறத்தில் மண் விளிம்பு.
ஒரு நாளைக்கு இருபது.
இருபத்திரண்டு, ரேடியோவில் பெனரோல் ஜெயித்த அன்று.

அடுப்புப் பக்கச் சுவர்க்காரர்கள்
வேறு ரகம்.
இரண்டு இரவு வினிகரில் கிடந்தும்
ஒரு குமிழி விடவில்லை.
சிமெண்ட்.
உடும்புப் பிடி.
ரம்பத் தகட்டை வைத்து இழுத்தேன், தகடு மழுங்கியது.
சுத்தியலால் செல்லமாய்த் தட்டினேன்
கால் பூ அரைக்கால் பூவானது.
மூன்று, நான்கு, ஏழு
உடைந்தவற்றைப் பூனை முகர்ந்துவிட்டுப் போனது.

எட்டாவதைக் கையில் திருப்பியபோதுதான் பார்த்தேன்
சிமெண்டுக்குள் லேசாக ஒரு சிவப்பு.
செங்கல் பொடி.
இந்த ஊரில் ஒரே ஆள்தான்
இடைப்பூச்சில் செங்கல் பொடி போடுவான்
"வெறும் சாம்பல் நிறம் பார்க்க அழுகை வருகிறது" என்று.
அந்தப் பொடியை நான்தான் சலித்துக் கொடுத்தேன்,
என் மாவுச் சல்லடையில்,
தொண்ணூற்றொன்றில்.
அந்த வருடம் முழுக்க எங்கள் ரொட்டியில் மண் நறநறத்தது.

ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று
கையெழுத்துப் போட்டுப் பதினான்கு வருடம்.
நம்பர் மட்டும் மாறவில்லை.

"வில்மார், யாகுவரோன் தெரு பேக்கரி. உன் வேலைதானே?"
"எதாவது விழுந்துவிட்டதா?"
"கட்டடமே விழுந்துவிட்டது. உன் பூச்சு விழவில்லை."
அந்தப் பக்கம் சிரிப்பு. எவளோ தட்டு கழுவும் சத்தம்.
"எத்தனைக்கு எத்தனை போட்டாய்?"
"ஒன்றுக்கு ஒன்று. முதலாளி கெட்டியாகக் கேட்டான்."
"எப்படி எடுப்பது?"
யோசித்தான். அவன் யோசிப்பது எனக்குத் தெரியும்,
காதைச் சொறிவான்.
"எடுக்க வராது, ஸூல்மா. எடுப்பார்கள் என்று நினைத்துப் போடவில்லை."

எனக்குக் கோபம் வர வேண்டும்.
விரல் நுனியெல்லாம் வினிகர் எரிச்சல்,
கொஞ்சம் வந்தது,
போய்விட்டது.

அந்த முப்பத்தொன்றை அப்படியே வைத்தேன்.
சமையலறையில் சிங்க்கின் கீழே,
துடைப்பம் சாத்தும் இடத்தில்,
விளிம்பில் அவன் சிவப்போடு,
இடைவெளி அங்கே மட்டும் கொஞ்சம் அகலம்.
பூக்கள் சரியாகச் சேரவில்லை.
குனிந்தால்தான் தெரியும்.
நான் குனிகிறேன்.

இனி பூச வேண்டும்.
கடையில் பையன் சிமெண்ட் மூட்டையைத் தட்டிக் காட்டினான்.
சுண்ணாம்பு கேட்டேன்.
"அது பலம் பத்தாதே அம்மா,
நாற்பது ஐம்பது வருடத்தில் உதிர ஆரம்பிக்கும்."

போதும் என்றேன். இரண்டு பை.
அப்போது மாடியில் வாளியைக் கவிழ்த்து
எவள் உட்காரப் போகிறாளோ,
அவளுக்கும் ஜூலையாக இருக்கலாம்.