கொட்டச்சேட்டில் ஒரு லூஸ் கனெக்‌ஷன்

ஏற்காட்டிலிருந்து கொட்டச்சேட்டுக்கு நான் போவது
இரண்டு மாதத்துக்கு ஒரு தரம்.
ஆனியில், வெள்ளையன் வீட்டு மீட்டர் பெட்டியருகே
பட், பட்டென்று பொறி வெடித்தது.
கையை இழுத்துக்கொண்டேன்.
வயரை முகர்ந்து பார்த்தேன். கருகல் இல்லை.
மிளகுக்கொடியின் ஈர வாசம்தான்.

"கரண்ட் இல்லீங்க சார், குருவி"
என்றார், கத்தரிப் பாத்தியைக் காட்டி.

சாம்பல் முதுகு, காவி பூசிய வயிறு,
சிவந்த கண்.
யாரோ பெரிய பறவையிடம் கடன் வாங்கிய மாதிரி
உடம்புக்குப் பொருந்தாத வால்.
எழும்பும்போதெல்லாம் அந்தப் பட்.
அலகிலிருந்தா, சிறகிலிருந்தா என்று
படித்தவர்களுக்கே இன்னும் தீரவில்லையாம்.

கதிர்க்குருவி.
காப்பி நட வந்த துரைமார்
தங்கள் ஊர்க் குளிரில் கத்திய ஏதோ ஒன்றின் நினைப்பில்
இதையும் ரென் என்றார்களாம்.
அது திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இரண்டு கத்தரி இலைகளைச்
சிலந்தி நூலால் மூட்டிய பை.
உள்ளே மூன்று முட்டை,
சூளையிலிருந்து இறக்கிய செங்கல் நிறம்,
மேலே மெருகு.
நான்காவதும் அதே நிறம்தான்,
ஒரு சுற்றுப் பெரிது.

அட்டையில் 4317 என்று குறித்துவிட்டு இறங்கினேன்.

ஆவணியில் கூடு நைந்து தொங்கியது.
சின்னப்பாப்பா சொன்னார்:
பெரிய முட்டைதான் முதலில் பொரிந்ததாம்.
குயில் குஞ்சு.
கண் திறக்கும் முன்பே
மற்றதையெல்லாம் முதுகால் நெம்பித் தள்ளியதாம்.
ஒன்று மீட்டர் பெட்டிக்குக் கீழே கிடந்தது,
எறும்பு கொண்டுபோகும் வரை.
அப்புறம் இந்தப் பொடிசுகள் இரண்டும்
விடிந்ததிலிருந்து புழு தேடி
தங்களைவிடப் பெரிய வாய்க்குள்
தலையை விட்டு ஊட்டினவாம்.
"தெரியாமயா சார் இருக்கும்?"

எங்கள் செக்‌ஷனில் இதற்குக் கொக்கி என்று பெயர்.
மேலே போகும் கம்பியில் மாட்டினால்
அடுத்தவன் கணக்கில் விளக்கெரியும்.
எத்தனையோ பேரைப் பிடித்துக் கொடுத்திருக்கிறேன்.
ஒருத்தன் மகள் சிம்னி வெளிச்சத்தில்
பத்தாவது எழுதினாள்.
அதை ஏன் இப்போது நினைக்கிறேன்.

4385. அறுபத்தெட்டு யூனிட்.
நூறுக்குள் வருது, கட்ட வேண்டாம் என்றேன்.
"அப்ப யாருங்க கட்டறது?"
சும்மாதான் கேட்டார்,
கொத்துக்கத்தியைத் துடைத்துக்கொண்டே.

வேலிக்கு அந்தப் பக்கம் உண்ணிச்செடிக்குள்
பட்.
இலை அசைந்தது, அலகில் நார்.
அதே ஜோடியா, வேறா தெரியவில்லை.
இந்தத் தடவையும்
கையை இழுத்துக்கொண்டேன்.