எட்டாவது நிரல்

துணுக்காய் நூலகத்துக்கு வந்த மயூரதன்
முதலில் கேட்டது பிளக் எங்கே என்று.
அடுத்தது, இரவல் பதிவேடு.

ஒன்றுதான் மிச்சம்.
உழவு இயந்திரப் பெட்டியில் புத்தகங்களோடு
நானும் ஏறிப்போன ஆண்டினது.
தறப்பாளுக்குக் கீழும் இரவல் கொடுத்தோம்.
பிறகு உரப்பையில் சுற்றிப் புதைத்து,
பிறகு தோண்டி.
மூலையைக் கறையான் தின்றதால்
முதல் நூறு வரிகளில்
ஆட்களுக்குப் பெயருண்டு, நூல்களுக்கு இல்லை.

"ஒவ்வொரு இரவலும் ஒரு புள்ளி அக்கா.
திகதி நகர நகரப் பாருங்கோ."
திரையில் பார்த்தேன்.
துணுக்காய், அக்கராயன், தருமபுரம்,
கிழக்கே, இன்னும் கிழக்கே,
சுதந்திரபுரத்தில் ஒரேயொரு புள்ளி:
பத்தாம் ஆண்டுக் கணிதம்.

பெயர் நிரலை மூடச் சொன்னேன்.
"பெயரில்லாட்டித் தரவு பாதி" என்றான்.
"இதில ஆறு பேரின்ர தாய்மார்
இப்பவும் படத்தோட றோட்டில இருக்கினம்.
ஆர் என்ன வாசிச்சதெண்டு கேட்டு வாற எல்லாரும்
வாசகரில்லைத் தம்பி."

மூன்று நாள் கதையில்லை.
நாலாம் நாள் கோப்பு மட்டையை
அந்த நிரலின் அகலத்துக்கு அளந்து
அவனே வெட்டி வந்தான்.
நான் மட்டையை வைக்க, அவன் படமெடுக்க,
இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
இடையில் இரண்டு மின்வெட்டு.

எட்டாவது நிரலில்
'இழக்கப்பட்டது' என்று அடித்திருந்தான்.
இழந்தது என்று எழுதக் குழு கூட வேண்டும்,
மூன்று பேர் ஒப்பமிட வேண்டும்.
குழு இன்னும் கூடவில்லை.
'நிலுவை' என்று போடு என்றேன்.
போட்டான்.
உடனே அடுத்த கட்டத்தில் கணினி
தண்டப்பணத்தைப் பெருக்கத் தொடங்கியது,
நாளுக்கு ஒரு ரூபா,
ஆளுக்கு ஆயிரங்களாக.
சிரித்தான். நிறுத்தினான்.
"அழி" என்று நான் சொல்லமுன்
அந்தக் கட்டமே இல்லை.

போன கிழமை ஒருத்தி
சந்தைப் பையோடு வந்து
தருமபுரத்துப் புள்ளியில் விரலை வைத்தாள்.
"கோழி வளர்ப்பு. அது என்னட்டத்தான் கிடக்கு."
முத்திரையை எடுத்தேன்.
"இன்னும் முடிக்கேல்லை" என்றாள்.

பதினாலு நாள்
புதுப்பித்துக் கொடுத்தேன்.